லட்டு கேட்டோம், லாலிபாப் வந்தது: ஓர் இயங்குதளத்தின் பெயரும் முகமும்

2014ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று கூகுள் நிறுவனம் தன் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் அடுத்த பதிப்பை அறிமுகம் செய்தது. தோற்றத்தைக் காட்டியது, பெயரைச் சொல்லவில்லை. 'எல்' என்ற ஆங்கில எழுத்தோடு நிறுத்திக்கொண்டது. நான் அப்போது திருப்பதியில் ஒரு விடுதியில் தங்கி இண்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆண்ட்ராய்டு பதிப்புகள் ஆங்கில அகரவரிசைப்படி இனிப்புகளின் பெயரைப் பெறுகின்றன என்பது விடுதியில் அனைவருக்கும் தெரிந்த செய்தி. அதற்கு முந்தைய பதிப்பு கிட்கேட். 'கே'வுக்கு அடுத்தது 'எல்'. திருமலையின் அடிவாரத்தில் வாழ்பவனுக்கு 'எல்' என்றவுடன் வேறெந்த இனிப்பு நினைவுக்கு வரும்? 2009இலேயே புவிசார் குறியீடு பெற்றுவிட்ட திருப்பதி லட்டை உலகம் அறியாதா என்ன? எங்கள் அறையில் பந்தயமே நடந்தது.

அக்டோபர் 15 அன்று பெயர் வெளியானது: லாலிபாப். குச்சியில் செருகிய சர்க்கரை மிட்டாய். அறை நண்பர்கள் தெலுங்கிலும் நான் தமிழிலும் கூகுளைத் திட்டித் தீர்த்தோம்.

அந்த ஏமாற்றத்தின்போது நாங்கள் பார்க்கத் தவறிய ஒன்றைப் பற்றியதே இந்தப் பதிவு. அதை உணர எனக்குச் சில ஆண்டுகளும் மொழியியலில் ஒரு முதுகலைப் பட்டமும் தேவைப்பட்டன.

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்பதற்குத் தமிழில் ஒரே சொல் நிலைபெறவில்லை. இயங்குதளம் என்பாரும் உண்டு, இயக்குதளம் என்பாரும் உண்டு. இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. இயங்கு என்பது தன்வினை, இயக்கு என்பது பிறவினை. கருவியை இயக்கும் தளம் என்று கருதினால் இயக்குதளம்; செயலிகள் வந்து இயங்கும் தளம் என்று கருதினால் இயங்குதளம். இரண்டும் வினைத்தொகைகள், இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் முன்னதில் மென்பொருள் தலைவன், பின்னதில் அது மேடை. ஒரு மெய்யெழுத்தின் வேறுபாட்டில் இரு வேறு பார்வைகள் அமர்ந்திருக்கின்றன. நான் இயங்குதளம் என்றே எழுதுகிறேன். கைபேசி நமக்கு மேடையாக இருக்க வேண்டும் என்ற விருப்பம்தான் காரணம்.

ஆண்ட்ராய்டு என்ற பெயருக்குக் கிரேக்க வேரின்படி 'மனிதனைப் போன்றது' என்று பொருள். கிரேக்க 'ஆந்த்ரோஸ்' தமிழ் 'ஆண்' என்பதிலிருந்து போனது என்று யாரேனும் உங்களுக்குச் செய்தி அனுப்பினால், அன்புகூர்ந்து என்னிடம் அனுப்பாதீர்கள். ஒலியொற்றுமை உறவாகிவிடாது.

2009ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த 1.5ஆம் பதிப்புதான் கப்கேக் என்று முதன்முதலில் இனிப்புப் பெயரோடு வெளியே வந்தது. பிறகு டோனட், எக்ளேர், ஃப்ரோயோ, ஜிஞ்சர்பிரெட், ஹனிகோம்ப், ஐஸ்கிரீம் சாண்ட்விச், ஜெல்லிபீன். அதற்கடுத்த பதிப்புக்குக் 'கீ லைம் பை' என்று பெயர் வரும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2013 செப்டம்பரில் கிட்கேட் என்று அறிவித்தார்கள். 'கீ லைம் பை'யின் சுவையை அறிந்தவர் மிகச் சிலரே என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம். பெயர் என்றால் கேட்பவரின் நாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. யாருடைய நாவு என்ற கேள்வி மட்டும் எழவில்லை. சித்தூர்ச் சந்தையில் கப்கேக்கோ எக்ளேரோ உண்டு வளர்ந்தவர் எத்தனை பேர்?

இன்னொரு சிக்கலும் உண்டு. சி, டி, இ, எஃப் என்ற வரிசையை அறிந்தவருக்குத்தான் ஜெல்லிபீனுக்குப் பின் கிட்கேட் வரும் என்பது விளங்கும். அதே பெயர்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், வரிசை மறைந்துவிடும். மேலும் லகரம் தமிழில் சொல்லுக்கு முதலெழுத்தாக வராது. பழைய மரபைப் பின்பற்றுவோர் இன்றும் இலட்டு என்றே எழுதுவர். அந்த இலக்கணத்தின்படி லட்டும் லாலிபாப்பும் ஒன்றாகவே வாசலில் நிறுத்தப்பட வேண்டியவை. இது விளையாட்டுக்காகச் சொன்னது. ஆனால் உலகம் முழுமைக்குமான ஒரு பெயர்முறை, ஒரே ஒரு நெடுங்கணக்கைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் பொருள் தந்தது என்பது விளையாட்டன்று.

இனி எங்கள் வீட்டுக் கதை. அதற்கு முன் எங்கள் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அரசியல் வழக்கை மீண்டும் தொடுப்பது என் நோக்கமன்று. அந்தக் கோட்டின் இந்தப் பக்கத்தில் தமிழைப் பேசியும் படித்தும் வாழ்ந்த குடும்பங்கள் பல இருந்தன, இருக்கின்றன என்பதே எனக்கு வேண்டிய செய்தி. திருமலைக் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. அன்னமய்யாவின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு அதே கோயிலில் காக்கப்பட்டன. இரண்டு எழுத்துகள் ஒரே மலையில் வாழ்ந்த இடம் இது.

என் அம்மா தமிழ் வழியில் எட்டாம் வகுப்புவரை படித்தவர். தெலுங்கைச் சரளமாகப் பேசுவார், படிக்க வராது. சித்தூர்ப் பேருந்து நிலையத்தில் பலகையைப் பார்த்துப் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுத்தான் வண்டி ஏறுவார். அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு அவர் எழுத்தறியாதவர். வீட்டில் வார இதழ் ஒன்றுவிடாமல் படிப்பவர்.

2013இல் அம்மாவுக்கு மலிவான, பழைய பதிப்பிலேயே நின்றுவிட்ட ஒரு கைபேசி கிடைத்தது. ஒருநாள் வேலூரிலிருந்து பெரியம்மா தமிழில் ஒரு செய்தி அனுப்பினார். அவருடைய மகன் தன் புதிய கைபேசியில் தட்டச்சிட்டுத் தந்தது. அம்மாவின் திரையில் வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்கள். நடுவே 12 என்றும் 10.30 என்றும் எண்கள் மட்டும். ஏதோ நல்ல காரியத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று ஊகித்தார். யாருக்கு, எங்கே என்று தெரியவில்லை. தொலைபேசியில் கேட்கவும் கூச்சம். 'அக்கா எனக்கு எழுதியிருக்காங்க, படிக்கத் தெரியலன்னு எப்படிச் சொல்லுறது' என்றார். அது அக்கா மகளின் நிச்சயதார்த்தச் செய்தி. மறுநாள் நான் வந்து பெரியம்மாவிடம் பேசித்தான் தெரிந்தது. தன் எழுத்தில் வந்த கடிதத்தின் முன்னால் அம்மா எழுத்தறியாதவராக நின்ற அந்த மாலையை நான் மறக்கவில்லை.

அந்தக் கட்டங்களுக்குக் கணினித் துறையினர் வைத்திருக்கும் பெயர் டோஃபு. சோயாவிலிருந்து செய்யும் வெள்ளைத் துண்டு. பார்வைக்குப் பன்னீரைப் போன்றது. பதிப்புகளின் பெயர்களில் இனிப்பு, எங்கள் திரையில் டோஃபு.

அந்தச் செய்தி வழியில் சிதையவில்லை. முழுமையாகவே வந்து சேர்ந்திருந்தது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கும் தெலுங்குக்கும் இடமுண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண், ஒரு பெயர். ஆனால் ஒருங்குறி எழுத்தின் வடிவத்தைத் தருவதில்லை. அதை எழுத்துரு தர வேண்டும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைத்துக் 'கொ' என்று சேர்க்கும் வேலையை இயங்குதளம் செய்ய வேண்டும். அம்மாவின் கைபேசியில் ககரத்தின் பெயர் வந்துவிட்டது, முகம் வரவில்லை. இயங்குதளங்களின் பெயரையும் முகத்தையும் பற்றி உலகம் எத்தனையோ வாதிட்டிருக்கிறது. எழுத்துக்கும் அதே இரண்டு தேவைகள் உண்டு என்பதை எனக்கு அந்தக் கட்டங்கள்தாம் கற்பித்தன.

மேசைக் கணினியில் இந்த முகம் சற்று முன்னரே வந்துவிட்டது. விண்டோஸ் 2000 தமிழுக்கு 'லதா' என்ற எழுத்துருவைக் கொண்டுவந்தது. தெலுங்குக்கு எக்ஸ்பியில் 'கௌதமி' வந்தது. லினக்ஸ் பக்கம் ரெட் ஹேட் நிறுவனம் 'லோஹித்' குடும்பத்தை வெளியிட்டது. வடமொழியில் சிவப்பு என்று பொருள். தெலுங்கு ஆர்வலர்கள் தங்கள் எழுத்துருக்களுக்குப் போத்தனா, வேமனா என்று கவிஞர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். 'தூர்ஜடி' என்றும் ஒன்றுண்டு. எங்கள் காளத்தியைப் பாடிய கவிஞரின் பெயர் அது. ஊர்ப் பெயருக்காகவும் இனிப்புப் பெயருக்காகவும் ஏங்கிய நாங்கள், காளத்திக் கவிஞர் ஏற்கெனவே கணினிக்குள் குடியேறிவிட்டதை அறியவில்லை.

கைபேசியில் இது தாமதமாகவே நடந்தது. ஆண்ட்ராய்டு 2012இன் 4.1ஆம் பதிப்பில்தான் தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றுக்கு எழுத்து வசதி தந்தது. தமிழுக்கு அது சற்று முன்னரே கிடைத்திருந்தது. ஆனால் எழுத்து தெரிவது வேறு, கைபேசியே அம்மொழியில் பேசுவது வேறு. செய்தியைத் தமிழில் படிக்க முடிந்தாலும், 'அழைப்பு', 'அழி', 'அனுப்பு' போன்ற கட்டளைகள் ஆங்கிலத்திலேயே நின்றன.

அந்தக் கதவு திறந்தது எந்தப் பதிப்பில்? லாலிபாப்பில்தான். 2014 நவம்பரில் வெளியான 5.0ஆம் பதிப்பு 15 மொழிகளைப் புதிதாகச் சேர்த்தது. அவற்றில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி, வங்காளம், நேபாளி, சிங்களம் ஆகியவை அடங்கும். வேங்கடத்துக்கு வடக்கும் தெற்கும் ஒரே நாளில் உள்ளே வந்தன. பெயர் லட்டாக இல்லையே என்று நாங்கள் வாடிய அதே பதிப்பு, எங்கள் இரு மொழிகளையும் சுமந்து வந்திருக்கிறது. விடுதியில் ஒருவரும் அதைப் பேசவில்லை. பெயருக்காகப் பந்தயம் கட்டிய நாங்கள் மொழிப்பட்டியலைத் திறந்தும் பார்க்கவில்லை. எங்களுக்கு ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. அம்மாவுக்கு அது போதாது என்பதை நான் நினைக்கவில்லை.

உலகம் பேசியது அதன் தோற்றத்தைத்தான். மெட்டீரியல் டிசைன் என்ற புதிய வடிவமைப்பு அப்போது அறிமுகமானது. காகிதமும் மையும் போன்ற பரப்புகள், அழுத்தமான வண்ணங்கள், அட்டைக்கடியில் விழும் நிழல். அழகென்று கொண்டாடியவர்களும் உண்டு, கண்ணைக் கூசும் வெண்மை என்று சலித்தவர்களும் உண்டு. மிகுதியான கேலிக்கு உள்ளானவை அடியிலிருந்த மூன்று பொத்தான்கள். வளைந்த அம்பும் வீடும் போய் முக்கோணம், வட்டம், சதுரம் வந்தன. விளையாட்டுக் கருவியின் பொத்தான்களைப் போலிருக்கின்றன என்று எழுதியோர் பலர்.

2015இல் அம்மாவுக்கு லாலிபாப் பதிப்புள்ள ஒரு கைபேசி வந்தது. மொழிப்பட்டியலில் 'தமிழ்' என்று தமிழிலேயே எழுதியிருந்ததைக் கண்டு அவரே விரல் வைத்தார். நொடியில் திரை முழுதும் தமிழ். அவருடைய எதிர்வினை இரண்டே வாக்கியம். முதலாவது தோற்றத்தைப் பற்றியது: 'வூடு எங்கடா போச்சு? வட்டம்தான் கீது.' இரண்டாவது பெயரைப் பற்றியது: 'அமைப்புகள்னா என்னடா? செட்டிங்ஸ்னு போட்டா எனக்குத் தெரிஞ்சிருக்குமே.'

இரண்டுமே சரியான விமர்சனங்கள். வீட்டின் படம் எழுத்தறியாதவருக்கும் வழி சொன்னது. வட்டம் எதையும் சொல்லவில்லை. 'அமைப்புகள்' தூய தமிழ்தான், ஆனால் தெருவில் புழங்காத தமிழ். தெலுங்குத் திரையில் அதே இடத்தில் ஆங்கிலச் 'செட்டிங்' சொல்லே தெலுங்குப் பன்மை விகுதி ஏற்று நிற்கிறது. எது நல்லது என்று நாம் நாட்கணக்கில் வாதிடலாம். ஆனால் அம்மா விமர்சிக்கும் நிலைக்கு வந்ததே பெரிது. கட்டங்களைப் பார்த்துக் கூசி நின்றவர், இப்போது சொல் சரியில்லை என்கிறார். படிக்க முடிந்தவர்தானே பிழை சொல்ல முடியும்?

பெயருக்கான ஏக்கம் அத்தோடு அடங்கவில்லை. 2015 டிசம்பரில் சுந்தர் பிச்சை தில்லிக் கல்லூரி ஒன்றில் மாணவர்களைச் சந்தித்தபோது, இந்திய இனிப்பின் பெயர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அம்மாவிடம் யோசனை கேட்பதாகவும், இணையத்தில் வாக்கெடுப்பு வைக்கலாம் என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். 2016இல் 'என்' எழுத்துக்குப் பொதுமக்களிடமே பெயர் கேட்கப்பட்டது. கேரளம் நெய்யப்பத்துக்காகத் திரண்டது; அம்மாநிலச் சுற்றுலாத் துறையும் சேர்ந்துகொண்டது. ஜூன் 30 அன்று வந்த பெயர் நௌகட். கேரளத்தின் ஏமாற்றத்தை நான் தனிப்பட்ட முறையில் அறிவேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பட்டதுதான்.

இம்முறையும் அதே கதை. நௌகட் என்று பெயரிட்ட 7.0ஆம் பதிப்பில் ஒரு சிறு வசதி வந்தது. பயனர் ஒரு மொழியை மட்டுமன்றிப் பல மொழிகளை முன்னுரிமை வரிசையில் அடுக்கலாம். முதல் மொழியில் ஒரு செயலி இல்லையென்றால் இரண்டாவதில் தோன்றும். தமிழ், பிறகு தெலுங்கு, பிறகு ஆங்கிலம். எல்லையோர மனிதனின் நாவில் எப்போதும் இருந்த வரிசை அது. இதற்கு முன் நாங்கள் நிரப்பிய படிவங்கள் பெரும்பாலும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. பள்ளிச் சேர்க்கையானாலும் மக்கள்தொகைக் கணக்கானாலும் தாய்மொழி என்பதற்கு ஒரே கட்டம்தான். அதே 2016இல் கூகுள் தன் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தை 800 மொழிகளுக்கு மேல் விரித்து வெளியிட்டது. நோட்டோ என்றால் 'டோஃபு இல்லை' என்று பொருள். எனக்குத் தெரிந்து ஒரு மென்பொருளுக்கு இதைவிட நேர்மையான பெயர் அமைந்ததில்லை. இல்லாமற்போக வேண்டிய குறையையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

இனிப்புகளின் காலம் 2019 ஆகஸ்டு 22 அன்று முடிந்தது. அடுத்த பதிப்பு வெறுமனே ஆண்ட்ராய்டு 10 என்று அறிவித்தார்கள். சொன்ன காரணங்கள் மொழியியல் வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தத் தக்கவை. சில மொழிகளின் பேச்சில் எல்லுக்கும் ஆருக்கும் வேறுபாடு இல்லை. பை என்பது எல்லா இடத்திலும் இனிப்பு அன்று. மார்ஷ்மெல்லோவைப் பல நாடுகள் அறியா. தன் கைபேசி புதிய பதிப்பா பழையதா என்பதே பலருக்குப் பெயரிலிருந்து தெரியவில்லை. பத்தாண்டுகள் கழித்து, யாருடைய நாவு என்ற கேள்வி கேட்கப்பட்டது. விடையாக எண் வந்தது. 2013இல் அம்மாவின் திரையிலும் பிழைத்து நின்றவை எண்கள்தாம்.

நம் நாட்டு இயங்குதளங்களின் வரலாற்றிலும் பெயரே முன்னால் நடக்கிறது. சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், பதிப்புகளுக்குத் தேஜஸ், அனோகா, உன்னதி என்று பெயரிட்டது. ஏழாம் பதிப்புக்குத் 'திருஷ்டி'. பெயரிட்டவர்கள் பார்வை என்ற பொருளில் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது புதுமனை வாசலில் பூசணிக்காய் கட்டிப் போக்க வேண்டிய ஒன்று. 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியில் பார்ஓஎஸ் அறிமுகமானபோது, பாரதத்தின் பெயர் தாங்கியது என்று மகிழ்ந்தோர் ஒருபுறம், ஆண்ட்ராய்டின் வெளிப்படை மூலநிரல்மீது கட்டியதுதானே என்று கேட்டோர் மறுபுறம். இரு தரப்பும் உரிமையைப் பற்றிப் பேசின. அதில் எத்தனை மொழிகளில் மனிதன் தன் கைபேசியோடு பேச முடியும் என்ற கேள்வி என் காதில் அதிகம் விழவில்லை. பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளுக்காகச் செய்த பணி பெரிது. அதன் பெயரளவுக்குக்கூட அது பேசப்படவில்லை.

பெயர் சூட்டும் விழாவில் நமக்கும் இடம் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. லட்டு என்று வைத்திருந்தால் நான் இன்றும் மகிழ்வேன். ஆனால் பெயர் நம்மைப் பெருமைப்படுத்தும். எழுத்துதான் நமக்குக் கதவு திறக்கும். முன்னதற்கு ஊரே திரண்டது. பின்னதை யாரோ சிலர், பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளர்களும் எழுத்துரு வடிவமைப்பாளர்களும், ஓசையின்றிச் செய்து முடித்தார்கள். வரலாறு எழுதும்போது நாம் திரண்ட கதையைத்தான் முதலில் எழுதுகிறோம். நானும் இங்கே அப்படித்தான் தொடங்கினேன்.

கடைசியாக ஒன்று. சென்ற மாதம் சித்தூர் வீட்டில் சித்தி மகள் அம்மாவின் கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும். பெரியம்மாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'பெரிம்மா, உங்களுக்கு ஏதோ வந்திருக்கு' என்று கைபேசியை நீட்டினாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். 'எனக்குத் தமிழ் படிக்க வராது அண்ணா' என்றாள்.

திரையில் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக நின்றது. அவளுக்கு அவை கட்டங்கள். இந்தக் குறையை எந்தப் பதிப்பும் வந்து நீக்காது. அன்று மாலையே அகர வரிசையில் தொடங்கியிருக்கிறோம்; இப்போது ககரம்வரை வந்திருக்கிறோம். எல்லையோர ஊர்களில் இருக்கும் நண்பர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒருமுறை கைபேசியை நீட்டிப் பாருங்கள்.